மாற்றாத நெடுவரிசையை ஏன் ஏற்ற வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் இணையக் கடை நடத்துவோருக்காக வரும் ஆலோசனைப் பகுதியை விடாமல் படிப்பவர்களில் நானும் ஒருத்தி. பொருட்களின் விவரங்களை எக்ஸெல் தாள் மூலம் மொத்தமாகத் திருத்துவது பற்றி அண்மையில் வந்த கட்டுரை பலருக்குப் பயன்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளாகத் திறந்து நிறம், அளவு, துணி வகை என்று கையால் நிரப்பிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இம்போர்ட் என்று ஒரு வசதி இருப்பதே தெரியாது. அதை எடுத்துச் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லிக்கொடுத்த முறைதான் சரியில்லை. கடையின் மொத்தப் பட்டியலையும் இறக்கி, எக்ஸெலில் திறந்து, வேண்டியதை மாற்றி, அதே ஃபைலை அப்படியே திரும்ப ஏற்றிவிடச் சொல்லியிருந்தீர்கள். அப்படிச் செய்த கடைகளின் பட்டியலைச் சீர்செய்வதுதான் இப்போது எனக்குப் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் அடிப்படையில் நூலகப் பணியாளர். பல காலம் நூற்பட்டியல் தயாரித்தவள். ஓய்வுக்குப் பிறகு இணையக் கடைகளுக்குப் பொருள் விவரம் நிரப்பிக் கொடுக்கிறேன். புத்தகத்துக்குப் பதிலாகச் சட்டையும் திருகாணியும் வருகிறதே தவிர, வேலை ஏறக்குறைய அதேதான்.

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சட்டைகளுக்கும் 'துணி வகை' என்ற ஒரு பண்பைப் புதிதாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பட்டியலை இறக்கினால் பெயர், விவரணை, விலை, இருப்பு, எடை, பார்கோடு, படங்களின் முகவரி என்று நெடுவரிசைகள் திரை தாண்டிப் போகும். நீங்கள் கை வைக்கப்போவது ஒன்றில். மீதி எல்லாம் சும்மா கூடவே வருகின்றன என்று நினைக்கிறோம். ஃபைலை ஏற்றும்போது அந்தச் சும்மா வந்தவையும் கடைக்குள் எழுதப்படும். எது நீங்கள் மாற்றியது, எது தொடாதது என்று கடையின் மென்பொருளுக்குத் தெரியாது. தாளில் இருப்பதெல்லாம் அதற்குக் கட்டளை.

முதலில் அடிபடுவது இருப்பு. நீங்கள் மதியம் பட்டியலை இறக்கி, மாலை வரை உட்கார்ந்து துணி வகையை நிரப்பி, இரவில் ஏற்றுகிறீர்கள். இடையில் கடை தூங்கவில்லை. மதியம் மூன்று இருந்த சட்டை மாலைக்குள் மூன்றும் விற்றுவிட்டது. இரவில் உங்கள் தாள் போய் அதை மறுபடியும் மூன்று ஆக்குகிறது. இல்லாத சட்டைக்கு ஆர்டர் வருகிறது, பணமும் வந்துவிடுகிறது, அப்புறம் மன்னிப்புக் கடிதமும் பணத்தைத் திருப்பும் வேலையும். விலையும் இதே கதைதான். இடையில் யாராவது தள்ளுபடியை நிறுத்தியிருந்தால், தாள் அதை உயிர்ப்பித்துவிடும். துணி வகை சேர்த்ததற்கும் இருப்புக் கணக்கு உதைப்பதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு கடையில் கிடங்கில் இருப்பவரைத்தான் திட்டித் தீர்த்தார்கள். பாவம், அவர் எக்ஸெலைத் திறந்ததுகூட இல்லை.

அடுத்தது, எக்ஸெல் தானாகவே செய்யும் உபகாரம். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் சிஎஸ்வி ஃபைல். அதில் எழுத்துகளும் காற்புள்ளிகளும் மட்டுமே உண்டு. எது எண், எது பெயர், எது தேதி என்ற குறிப்பு எதுவும் கிடையாது. அதை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்ஸெல் தானே யூகிக்கிறது. 00417 என்ற பொருள் எண்ணைப் பார்த்ததும் இது எண் என்று முடிவுகட்டி, முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எடுத்துவிட்டு 417 ஆக்குகிறது. 10-12 என்ற குழந்தைகள் அளவு, கணினியின் அமைப்பைப் பொறுத்து அக்டோபர் 12 ஆகவோ டிசம்பர் 10 ஆகவோ மாறுகிறது. திருகாணியின் 3/4 அளவுக்கும் அதே கதி. பதினாறு இலக்கத் தொடர் எண் இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் மோசம் பார்கோடு. 13 இலக்க எண்ணைப் பொது வடிவத்தில் வைத்திருந்தால் எக்ஸெல் அதைச் சுருக்கி, பத்தின் அடுக்காகக் காட்டும். காட்டுவது மட்டும்தானே, உள்ளே முழு எண் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எக்ஸெல் ஃபைலாகவே வைத்திருக்கும்வரை அது உண்மை. திரும்ப சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது திரையில் தெரிகிறதே அந்தச் சுருக்கம்தான் ஃபைலில் எழுதப்படும். முதல் சில இலக்கங்கள் மட்டும் தப்பும், மீதியெல்லாம் போய்விடும். ஒரே நிறுவனத்தின் பார்கோடுகள் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், பல பொருட்களுக்கு ஒரே எண் வந்து நிற்கும். இத்தனைக்கும் நீங்கள் அந்த நெடுவரிசைப் பக்கம் போகக்கூட இல்லை. திறந்தீர்கள், சேமித்தீர்கள், முடிந்தது.

கவனக்குறைவானவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். மரபணு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதனோடு மல்லுக்கட்டினார்கள். மார்ச், செப்ட் என்ற எழுத்துகளோடு எண் சேர்ந்து வரும் மரபணுப் பெயர்களை எக்ஸெல் மார்ச் மாதம், செப்டம்பர் மாதம் என்று தேதியாக்கிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புத் தாள்களில்கூட அந்தத் தேதிகள் இருந்தன. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை அணைத்துவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எக்ஸெலில் 2023-இல் பரவலாகக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் அந்த அமைப்பு உங்கள் கணினியில் மட்டும்தான் வேலை செய்யும். ஃபைலோ கணக்குப் பார்ப்பவர், படம் எடுப்பவர், முதலாளியின் மகன் என்று நாலு கணினி சுற்றி வருகிறது.

தமிழில் பெயர் வைத்திருக்கும் கடைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஃபைலின் தலையில் அதற்கான அடையாளம் இல்லையென்றால், எக்ஸெல் அதைப் பழைய குறியீட்டு முறையாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளைத் துப்பும். கண்ணுக்குத் தெரிவதால் இதை உடனே பிடித்துவிடலாம். ஆனால் தாளின் வலது கோடியில், திரைக்கு வெளியே ஒரு விவரண நெடுவரிசை இருந்து, யாரும் அங்கே போகாமலே சேமித்து ஏற்றிவிட்டால்? வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும்.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்: வெற்றுக் கட்டம்.

தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. இதற்கு என்ன பொருள்? 'இந்த விவரத்தைத் தொடாதே, கடையில் இருப்பது இருக்கட்டும்' என்றும் கொள்ளலாம். 'கடையில் இருப்பதை அழித்துவிடு' என்றும் கொள்ளலாம். இரண்டும் நேரெதிர். இதில் எது சரி என்று பொதுவிதி கிடையாது. கடை நடத்தும் மென்பொருளை வழங்கும் ஒவ்வொரு தளமும் தன்னிஷ்டப்படி முடிவு செய்திருக்கிறது. ஷாப்பிஃபையில், ஏற்கெனவே உள்ள பொருட்களின் மேல் எழுதும்படி ஏற்றினால், நெடுவரிசை இருந்து கட்டம் காலியாக இருந்தால் பழைய விவரம் அழியும். அந்த நெடுவரிசையே தாளில் இல்லையென்றால் பழையது அப்படியே நிற்கும். மெஜென்டோவில் வேறு மாதிரி: சேர்த்தல்-புதுப்பித்தல் முறையில் காலிக் கட்டத்தை அது கண்டுகொள்ளாது. உண்மையிலேயே அழிக்க வேண்டுமென்றால் 'வெற்று மதிப்பு' என்று பொருள்படும் ஒரு குறிச்சொல்லை, முன்னும் பின்னும் அடிக்கோடுகளோடு, கட்டத்தில் எழுதியாக வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அசிங்கம் பிடித்திருக்கிறது. அழிப்பது என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும், சும்மா இருந்ததற்காக எதுவும் அழியக் கூடாது.

ஒரு தளத்தில் பழகியவர் அடுத்த தளத்துக்கு வேலைக்குப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் கடிக்கிறது. பாதி நிரப்பிய துணி வகையை ஏற்றுகிறார், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. முந்தைய ஆள் ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்த பாதி காணாமல் போய்விடுகிறது. மென்பொருள் பிழை எதுவும் காட்டாது. 'வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் செய்தி வரும்.

நூற்பட்டியல் விதிகளில் இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. புத்தகத்தில் வெளியீட்டு இடமோ பதிப்பகத்தின் பெயரோ இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடமாட்டோம். 'இடம் இல்லை', 'பெயர் இல்லை' என்பதற்கான லத்தீன் சுருக்கத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவோம். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். காலியாக இருந்தால், யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கடைத் தாள்களிலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரலாம். துணி வகை தெரியாத சட்டைக்கு 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதே சட்டையை மறுபடி எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

இத்தனை தொல்லைக்கும் மருந்து எளிது. பொருளை அடையாளம் காட்டும் ஒரு நெடுவரிசை, நீங்கள் மாற்றும் ஒரு நெடுவரிசை. இரண்டு மட்டும் கொண்ட தாளை ஏற்றுங்கள். மற்றதையெல்லாம் ஃபைலிலிருந்தே நீக்கிவிடுங்கள். மறைத்துவைத்தால் போதாது, மறைத்த நெடுவரிசையும் ஃபைலோடு போகும். இருப்பு தாளில் இல்லையென்றால் இருப்பு கெடாது. பார்கோடு தாளில் இல்லையென்றால் எக்ஸெலால் அதைக் கெடுக்க முடியாது. சில தளங்கள் பொருளின் தலைப்பையும் கேட்கும். அளவு, நிறம் வாரியாகப் பிரியும் பொருட்களுக்கு அந்தப் பிரிவைச் சொல்லும் நெடுவரிசைகளும் வேண்டியிருக்கும். கேட்டால் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடையாளத்துக்குப் பெயரை நம்பாதீர்கள், தளம் ஏற்றுக்கொண்டால் எஸ்கேயு என்கிற பொருள் குறியீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் திறக்கும்போதே எழுத்து வடிவமாகத் திறக்க வேண்டும். எக்ஸெலில் ஃபைலை நேரே சொடுக்காமல், தரவு என்ற பட்டியலுக்குள் போய் உரை ஃபைலிலிருந்து எடுக்கும் வழியில் திறந்தால் எழுத்துக் குறியீட்டையும் ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் நாமே சொல்லலாம். பூஜ்யம் இழந்த எஸ்கேயுவைக் கடை அடையாளம் காணாது. வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் 'இருக்கும் பொருட்களைப் புதுப்பி' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அடையாளம் தெரியாத வரிசைகளை அது தாண்டிப் போய்விடும். அது பரவாயில்லை, சேதம் இல்லை. வேறு சில மென்பொருட்கள் அதைப் புதுப் பொருளாக எண்ணி, பெயரும் விலையும் இல்லாத ஒரு பேய்ச் சட்டையை உருவாக்கிவிடும்.

மாற்றும் அந்த ஒற்றை நெடுவரிசைக்குள்ளும் வேலை இருக்கிறது. நீலம், நீல நிறம், நீலம் என்பதோடு கடைசியில் ஒரு இடைவெளி, கருநீலம் என்று எழுத நினைத்துப் பாதியில் விட்டது. மனிதருக்கு இவை ஏறக்குறைய ஒன்று, ஃபில்டருக்கு நான்கு நிறம். வாங்க வருபவர் 'நீலம்' என்று தட்டினால் கடையில் இருக்கும் நீலச் சட்டைகளில் ஒரு பங்குதான் தெரியும். மற்றவை விற்காமல் கிடக்கும், ஏனென்று யாருக்கும் புரியாது.

தமிழில் இது இன்னும் நுணுக்கம். 'பொன் நிறம்' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் அவை சமம்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தமிழ் எண் ஏழும் எகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், குறியீடு வேறு. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால், சாதாரண இடைவெளி போலவே தெரியும் முறியா இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸெலில் டிரிம் (TRIM) என்கிற வெட்டும் சூத்திரம் சாதாரண இடைவெளியைத்தான் நீக்கும், இதை விட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் இவை கண்ணில் படாது. எனவே, நிறத்தை யாரும் தட்டச்சு செய்யவே கூடாது. அனுமதித்த நிறங்களின் பட்டியலைத் தனித் தாளில் வைத்து, எக்ஸெலின் தரவுச் சரிபார்ப்பு வசதியால் கீழ்விரியும் பட்டியலாக்கி, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் அந்தக் காவலும் உடைந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நூலகத்தில் ஆசிரியர் பெயர்களுக்கு இப்படித்தான் ஒரு அதிகாரப்பூர்வப் பட்டியல் வைத்திருந்தோம். உண்மையில், இணையக் கடைகளின் ஓரத்தில் நிறம், அளவு, துணி என்று தனித்தனியாகத் தட்டித் தேடுகிறோமே, அந்த யோசனைக்கே நூலகவியலில் பழைய வேர் உண்டு. ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்துச் சேர்க்க வேண்டும் என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் விரிவாகச் செய்து காட்டினார். கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். ஒவ்வொரு முகத்துக்கும் தனிப் பட்டியல் வைத்தார். ஃபில்டர் வைத்திருக்கும் கடைகள் முகங்களை எடுத்துக்கொண்டன, பட்டியலை மறந்துவிட்டன என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். நூலகக்காரியின் பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. ஒரே பண்புக்குப் பல மதிப்புகள் இருந்தால் சில தளங்கள் காற்புள்ளியாலும் சில செங்குத்துக் கோட்டாலும் பிரிக்கச் சொல்லும். 'பருத்தி, பாலியஸ்டர் கலவை' என்று ஒரே மதிப்பாக எழுதியது, காற்புள்ளியால் பிரிக்கும் தளத்தில் 'பருத்தி' என்றும் 'பாலியஸ்டர் கலவை' என்றும் இரண்டாகிவிடும். மதிப்புகளுக்குள் காற்புள்ளியைத் தவிர்த்துவிடுவதே நிம்மதி.

முழுத் தாளையும் ஏற்றும் சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. புதுக் கடை திறக்கும்போதும், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும்போதும் வேறு வழி கிடையாது. அப்போது விற்பனையை நிறுத்திவைத்துவிட்டு ஏற்றலாம், இருப்பு நகராது. நடந்துகொண்டிருக்கும் கடைக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் நெடுவரிசைகளை நீக்கிக்கொண்டிருப்பது கூடுதல் வேலை என்று என்னிடம் முகம் சுளித்தவர்கள் உண்டு. சில நிமிட வேலை அது. பல தளங்களில் இறக்கும்போதே எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அந்தத் திரையை யாரும் பார்ப்பதில்லை, கீழே இருக்கும் பெரிய பொத்தானைத்தான் பார்க்கிறார்கள்.

இம்போர்ட் மென்பொருள் எழுதுபவர்களிடமும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்றுவதற்கு முன், எந்தெந்தப் பொருளில் எந்த விவரம் எதிலிருந்து எதற்கு மாறப்போகிறது, எத்தனை இடத்தில் இருப்பது அழியப்போகிறது என்று ஒரு திரை காட்டுங்கள். ஃபைலின் முதல் சில வரிசைகளைக் காட்டுவது முன்னோட்டம் ஆகாது. அது நான் அனுப்பியதையே எனக்குக் காட்டுவது.

கட்டுரையில், ஏற்றுவதற்கு முன் பழைய பட்டியலை ஒரு நகல் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தீர்கள். அது மிகச் சரியான யோசனை. இறக்கிய ஃபைலை எக்ஸெலில் திறக்காமலே வேறு பெயரில் நகலெடுத்து ஒதுக்கிவிட வேண்டும்; திறந்து சேமித்த நகல், மேலே சொன்ன காரணங்களால், நகலே அல்ல. சில வரிசைகளை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள், அதில் ஒரு பொருளாவது அளவு வாரியாகப் பிரிவதாக இருக்கட்டும், ஒன்றாவது ஏற்கெனவே துணி வகை நிரப்பியதாக இருக்கட்டும். ஆனால் ஏதாவது கெட்டுப்போனால் அந்த நகலை மீண்டும் ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்று கட்டுரை முடித்திருந்ததே, அங்கேதான் வாசகர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்த நகலில் இருப்பதும் நேற்றைய இருப்பு, நேற்றைய விலை. அதை முழுதாக ஏற்றினால் துணி வகை திரும்பி வரும், கூடவே இடையில் விற்றதெல்லாம் விற்காததாகிவிடும். நகலிலிருந்தும் எஸ்கேயுவையும் துணி வகையையும் மட்டும் பிரித்தெடுத்துத்தான் ஏற்ற வேண்டும். வாய்ப்பு இருந்தால் இந்தத் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த பகுதியில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற நூற்பட்டியல் பணியாளர்